ஹேல்ஸ்வொர்த் லைனில் பதினேழு வருடம்: அந்தப் பலகையைப் பற்றி

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸப்பில் கேட்டார். இங்கிலாந்தின் கிழக்கே, இப்ஸ்விச் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறதாம். ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை, சாக்ஸ்மண்டம், ஹேல்ஸ்வொர்த் பக்கம் வீடு பார்க்கலாமா, "கார் இல்லாம சமாளிச்சிரலாமாண்ணே?" என்று. ஒரு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். இவ்வளவு நீண்டுவிட்டது.

முதலில் என் தகுதி. 2008-லிருந்து ஹேல்ஸ்வொர்த்துக்கும் இப்ஸ்விச்சுக்கும் இடையில் ரயிலில் போய்வந்துகொண்டிருக்கிறேன். கொரோனாவுக்கு முன் வாரத்தில் ஐந்து நாள், இப்போது மூன்று. கார் கிடையாது. 2011-ல் ஒரு தடவை டிரைவிங் டெஸ்டில் தோற்றேன், அதோடு சரி. இப்ஸ்விச்சிலிருந்து லோவஸ்டாஃப்ட் வரை 49 மைல் ஓடும் கிழக்கு சஃபோக் ரயில் லைன்தான் எனக்கு எல்லாம்.

நான் வந்த புதிதில் ஓடியவை பெரும்பாலும் 156, 153 வகை டீசல் வண்டிகள். 156 மேல் எனக்குக் குறையில்லை. எண்பதுகளின் கடைசியில் செய்த இரட்டைப் பெட்டி. ஜன்னலின் மேல்பாதியைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். 153 தான் வேடிக்கை. பஸ் செய்கிற லேலண்ட் கட்டிய இரட்டைப் பெட்டி வண்டிகளை 1991, 92-ல் நடுவில் பிரித்து, பிரித்த முனையில் இடுக்கான ஒரு டிரைவர் அறையைச் செருகி, ஒன்றை இரண்டாக்கினார்கள். கூட்டமில்லாத லைனுக்கு ஒற்றைப் பெட்டி போதும் என்ற கணக்கு. கூட்டம் வந்துவிட்டால்? ஜூலை மாதச் சனிக்கிழமை, லோவஸ்டாஃப்ட் கடற்கரைக்குப் போகிறவர்கள் மண்வாளியும் மடக்கு நாற்காலியுமாக அந்த ஒற்றைப் பெட்டிக்குள் ஏறுவதைப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின நாள் டவுன் பஸ் கெட்டது.

பழைய வண்டிகளில் ஏறுவது என்றால் நிஜமாகவே ஏறுவது. பிளாட்பாரத்துக்கும் வாசலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி, அதற்குமேல் ஓர் உயரம். சக்கர நாற்காலியில் வருகிறவர் என்றால் கார்டு இறங்கி, மடக்கு ராம்ப்பைக் கொண்டுவந்து விரிக்க வேண்டும். இதெல்லாம் அப்போது என் கண்ணில் படவே இல்லை. எனக்கு அப்போது முழங்கால் இரண்டும் ஒழுங்காக இருந்தன.

2019-ல் இந்தப் பகுதிக்குப் புது வண்டிகள் வந்தன. சுவிட்சர்லாந்தின் ஸ்டாட்லர் செய்த 755 வகை. மேலே மின்கம்பி இருந்தால் கரண்டில் ஓடும், இல்லாவிட்டால் டீசல். எஞ்சின்களை எல்லாம் நடுவில் ஒரு குட்டிப் பெட்டிக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள். அதன் நடுவே உள்ள ஒடுக்கமான சந்து வழியாகத்தான் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டும். எனக்கு முதல் வருடம் பிடிக்கவே இல்லை. சீட் கட்டாந்தரை மாதிரி, ஜன்னல் திறக்காது, உள்ளே நடந்தால் தரை ஏறி இறங்குகிறது. அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு பெயர் வாங்கிவிட்டேன்.

2022-ல் வலது முழங்காலில் ஆபரேஷன். ஆறு வாரம் கழித்து, கையில் குச்சியோடு, மறுபடி முதல் நாள் ஸ்டேஷனுக்குப் போனேன். எப்படி ஏறப்போகிறேன் என்று முந்தின ராத்திரி தூங்கவில்லை. எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்று பிசியோ சொல்லித்தந்ததை மனப்பாடம் செய்துகொண்டு நின்றேன். வண்டி வந்து நின்றது. பொத்தானைச் சுற்றி விளக்கு எரிந்தது, அழுத்தினேன். கதவு உடனே திறக்கவில்லை. அடியில் 'ர்ர்ர்' என்று மெல்லிய சத்தம். வாசலுக்குக் கீழிருந்து ஒரு பலகை நாக்கு நீட்டுகிற மாதிரி வெளியே வந்து, பிளாட்பார ஓரத்தை ஒட்டி நின்றது. அப்புறம்தான் கதவு. பலகையும் உள்தரையும் பிளாட்பாரமும் ஏறக்குறைய ஒரே மட்டம். காலைத் தூக்கவே இல்லை. வீட்டுக் கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். பிசியோ சொன்ன பாடம் வீண்.

மூன்று வருடமாக அந்தப் பலகை இருந்திருக்கிறது, நான் சீட்டைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்கப்புறம் அதை மட்டும்தான் பார்க்கிறேன். வாக்கரை உருட்டிக்கொண்டு வரும் ஒரு கிழவர் யாரையும் கூப்பிடாமல் ஏறுகிறார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வரும் பெண் முன்சக்கரத்தைத் தூக்கக்கூட இல்லை. நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு ஏற்றபடி எல்லா வண்டியும் இருக்க வேண்டும் என்ற விதி பிரிட்டனில் 2020 பிறந்ததும் அமலுக்கு வந்தது. அதனால்தான் வட இங்கிலாந்தில் பஸ் உடம்போடு ஓடிக்கொண்டிருந்த பேசர் வண்டிகளுக்கும் ஒருவழியாக ஓய்வு கிடைத்தது. ஆனால் கதவுகளை அகலமாக்கி, கழிப்பறையைப் பெரிதாக்கி விதிக்குக் கணக்குக் காட்டினாலும், பல வண்டிகளில் இன்றும் யாராவது ராம்ப் தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். இங்கே யாரும் வர வேண்டாம். ஒருவர் கையை எதிர்பார்க்காமல் ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று குச்சி பிடித்த பிறகுதான் தெரிந்தது.

குறையும் சொல்ல வேண்டும் அல்லவா? பிரிட்டனில் பிளாட்பார உயரம் 915 மில்லிமீட்டர் என்று விதி இருக்கிறது, எல்லாப் பழைய ஸ்டேஷனும் அதற்குக் கட்டுப்படாது. சில இடங்களில் பலகை வந்தும் ஒரு சின்னப் படி மிஞ்சும். இலையுதிர் காலம் இன்னொரு தலைவலி. 2019 நவம்பரில் நாரிச் பக்கம் நியூ ராக்கீத் என்ற இடத்தில், வண்டி வருவதற்குள்ளேயே கேட் தூக்கிக்கொண்டது. தண்டவாளத்தில் அரைபட்ட இலைப்பிசின் படிந்து, வண்டி அங்கே இருப்பதே சிக்னலுக்குத் தெரியவில்லை. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைக் கேட்காதீர்கள்.

இனி வயிற்றெரிச்சல்.

இந்த லைனே தப்பிப் பிழைத்த லைன். 1963-ல் பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் பீச்சிங் கொடுத்த, மூட வேண்டிய லைன்களின் பட்டியல் இதையும் விடவில்லை, 1966-ல்தான் உயிர் கிடைத்தது. எண்பதுகளில் செலவைக் குறைக்கிறோம் என்று பல இடங்களில் இரண்டு தண்டவாளத்தில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு, 1986-லிருந்து ரேடியோ மூலம் டோக்கன், அதாவது 'இந்தத் துண்டுப் பாதையில் இப்போது நீ மட்டும் போகலாம்' என்ற அனுமதி, கொடுத்து ஓட்டினார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே இன்றும் சிங்கிள் லைன். 2012 கடைசியில் பெக்கில்ஸில் எதிரெதிர் வண்டிகள் ஒதுங்கிக் கடக்க ஒரு கிராஸிங் பாதை போட்ட பிறகுதான் மணிக்கு ஒரு வண்டி வந்தது. அதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஆக, மணிக்கு ஒன்று என்பது எங்களுக்கு வரம். அதை விட்டுவிட்டால் சாபம்.

போன வியாழக்கிழமை லண்டனிலிருந்து திரும்பி வந்தேன். வண்டி இப்ஸ்விச்சுக்கு ஏழு நிமிடம் தாமதம். என்னோடு ஒரு பத்துப் பேர் பாலம் ஏறி ஓடினார்கள். நான் குச்சியோடு என் வேகத்தில். எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது, பொத்தானில் விளக்கு இல்லை. 'ர்ர்ர்' என்று அந்தப் பலகை என் கண்ணெதிரே உள்ளே போனது. போய்விட்டால் அவ்வளவுதான். அரை நிமிடம் நாங்களும் வண்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், அப்புறம் அது கிளம்பியது.

காரணம் எனக்கே தெரியும். ஐந்து நிமிடம் காத்திருந்தால் எதிர்வண்டி பெக்கில்ஸில் காயும், அது இப்ஸ்விச்சுக்குப் பிந்தி வரும், அங்கே வேறு யாருக்கோ லண்டன் வண்டி போய்விடும். எல்லாம் நியாயம். அந்த நியாயத்தை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யோசித்தேன். 153 காலத்தில் கார்டு தலையை வெளியே நீட்டி, பாலத்தில் ஓடிவருகிறவர்களைப் பார்த்து "வாங்க வாங்க" என்று கை காட்டுவார். அந்த ஓட்டை வண்டியில் ஏறுவது கஷ்டம், ஆனால் ஏற விட்டார்கள்.

நஷ்டஈடு உண்டு, மறுக்கவில்லை. அதிலும் ஒரு கூத்து. ஒரு மணி நேரத் தாமதம் என்றால் ஒருவழி டிக்கெட் காசு முழுவதும் திரும்பும், 59 நிமிடம் என்றால் பாதி. அன்றைக்கு அடுத்த வண்டி படு சுறுசுறுப்பு. ஒரு நிமிடம் முன்னதாகவே ஹேல்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது.

இறங்கும்போது பலகை அழகாக நீண்டது. அதன்மேல் அநாவசியமாகக் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.

சரி, தம்பிக்கு என்ன பதில்? சக்கர நாற்காலி, குச்சி, கைக்குழந்தை, பெரிய பெட்டி, எதுவாக இருந்தாலும் நான் ஏறிய பிரிட்டிஷ் கிராமத்து லைன்களில் இதற்கு ஈடான வண்டி கிடையாது. 2025 அக்டோபரிலிருந்து நடத்துவதும் அரசாங்கமே. சாக்ஸ்மண்டத்துக்கு வடக்கே, காலை வெயில் வயலில் படுகிற நேரத்தில், ஜன்னல் திறக்காவிட்டாலும் பார்க்கக் கண் கொள்ளாது. ஆனால் உங்களுக்கு ஷிஃப்ட் வேலை. ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பஸ் வேறு பிடிக்க வேண்டும். நைட் ட்யூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்து, அந்தப் பலகை உள்ளே போவதைப் பார்க்க வேண்டாம்.

"கார் வாங்கிருப்பா" என்று அனுப்பினேன்.

"சரிண்ணே. நீங்க என்ன கார் வெச்சிருக்கீங்க?" என்று உடனே திரும்பி வந்தது. இன்னும் பதில் போடவில்லை.