14,800 ரூபாய் போச்சு: ஓவர்க்ளாக் செய்ய மதர்போர்டு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இன்டெல் ப்ராசஸரை (கம்ப்யூட்டரின் மூளை) வைத்துக்கொண்டு ஓவர்க்ளாக் செய்ய, அதாவது அதை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட, மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகை) தேடுகிறவரா நீங்கள்? மாடல் பெயர் ‘பி’ என்று தொடங்கும் போர்டை யார் தலையில் கட்டினாலும் வாங்காதீர்கள். 14,800 ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்து எனக்கு ஐந்து நாள்தான் ஆகிறது. இன்று மதியம் கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பேசி அனுப்பிவிட்டார். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் முக்கூடல். கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறேன். சென்னையில் இருக்கும் சித்தி மகன் புது கம்ப்யூட்டருக்கு மாறியபோது தன்னிடம் இருந்த ஐ5-12600கே ப்ராசஸரை எனக்குக் கொடுத்தான். பெயர் ‘கே’ என்று முடிந்தால் அதன் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம், இன்டெல் அதைப் பூட்டி வைப்பதில்லை. ஆனால் போர்டும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். “இசட்690 போர்டு வாங்கு, டிடிஆர்4 ராம் போடுகிற மாடலாகப் பார்” என்று அவன் சொன்னதைப் போனில் எழுதியே வைத்திருந்தேன். (ராம் என்பது கம்ப்யூட்டரின் தற்காலிக மெமரி, டிடிஆர்4 அதில் ஒரு வகை.) எழுதி வைத்திருந்தும் ஏமாந்தேன் என்பதுதான் தாங்க முடியவில்லை.

அந்த 14,800-இல் 5,000 ரூபாய் அம்மா கொடுத்தது. பீடி சுற்றிச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். “நல்லா பாத்து வாங்குல” என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்கள்.

பஸ் ஏறி திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, வண்ணார்பேட்டைப் பக்கம் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, சுவர் முழுக்க கேபினெட் அடுக்கி வைத்த கடை. கடைக்காரர் “எந்தூரு தம்பி?” என்றார். சொன்னேன். “அட, எங்க அத்தையக் கட்டிக் குடுத்தது முக்கூடல்லதான! உக்காருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு டீ வாங்கிவரச் சொன்னார். ஆற்றங்கரை, கோயில், எங்கள் தெரு என்று எல்லாம் விசாரித்தார். அங்கேயே எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. நம்ம ஊர் சம்பந்தம் உள்ளவர் என்று நினைத்தேன்.

போனில் இருந்ததைக் காட்டினேன். “இசட்690 பழசு தம்பி. இது பி760. நம்பரைப் பாருங்க, 690 பெருசா, 760 பெருசா?” என்றார். “ஓவர்க்ளாக் ஆகுமா அண்ணாச்சி? எனக்கு அதுதான் முக்கியம், முதல் தடவை செய்யப் போறேன்” என்று கேட்டேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார். டிடிஆர்4 5333, பக்கத்திலேயே ‘ஓசி’ (ஓவர்க்ளாக் என்பதன் சுருக்கம்) என்று அச்சிட்டிருந்தது. “கம்பெனிக்காரனே போட்டிருக்கான் பாத்துக்கிடுங்க. நம்ம ஊர்ப் பிள்ளைய நான் ஏமாத்துவனா?” என்றார். அந்த வார்த்தைக்குத்தான் 14,800 ரூபாயை எண்ணி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாட்டி பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) போனேன். விஷயம் இதுதான்: அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். அதை ப்ராசஸர் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 12600கே தானாக அதிகபட்சம் 49 வரை போகும், அதாவது 4.9 கிகாஹெர்ட்ஸ். ஓவர்க்ளாக் என்றால் அந்த 49-ஐ 50, 51 என்று ஏற்றுவது. நான் 50 போட்டேன். ஏற்கவில்லை. மறுபடி போட்டேன், 49-க்கே திரும்பியது. ராம் வேகத்தை மட்டும் மாற்ற முடிந்தது. அப்போதுதான் புரிந்தது, பெட்டியில் இருந்த ‘ஓசி’ ராமுக்கானது. ப்ராசஸருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தினம் பத்துப் போர்டு விற்கிறவருக்கு இது தெரியாது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

அன்றைக்கே போன் செய்தேன். அண்ணாச்சி சாப்பிடப் போயிருக்காங்க. சாயங்காலம் செய்தால் பேங்குக்குப் போயிருக்காங்க. மறுநாள் ஒருவழியாகப் பேசினார்: “பயாஸ் அப்டேட் பண்ணுங்க, தானா வந்துரும்.” அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனால் போர்டே செத்துப்போகும் அபாயம் உண்டு. எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு இன்வர்ட்டரிலிருந்து வயர் இழுத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்டேட் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. மாறாது. பி760 என்பது போர்டில் இருக்கும் சிப்செட்டின், அதாவது போர்டை நடத்தும் முக்கியச் சிப்பின், பெயர். அதில் இன்டெல் அந்த வசதியையே தரவில்லை.

இன்று பெட்டியோடு நேரில் போனேன். டீயும் இல்லை, ஸ்டூலும் இல்லை. “கம்ப்யூட்டர் ஓடுதுல்லா? பெறகென்ன?” என்றார். ஓசி பற்றிக் கேட்டேன். “மெமரி ஓவர்க்ளாக் ஆகுதுல்லா, நான் அதத்தான் சொன்னேன்” என்றார். சீல் உடைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டாராம். வேண்டுமானால் இதை 8,000-க்கு எடுத்துக்கொண்டு இசட் போர்டை 19,000-க்குத் தருவாராம். ஐந்து நாளில் 14,800 ரூபாய்ப் பொருள் 8,000 ஆகிவிட்டது. பில்லை எடுத்துக் காட்டலாம் என்று பார்த்தால் அதில் “மதர்போர்டு 1, 14,800” என்று மட்டும் இருக்கிறது. மாடல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. அதை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்.

எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனது ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு ‘கே’ ப்ராசஸரும் இசட்690 அல்லது இசட்790 போர்டும் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். எச்610, பி660, பி760 ஆகாது. இன்டெலின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியில் கதை வேறு, அங்கே பி450, பி550, பி650 எல்லாம் ஓவர்க்ளாக்குக்கு ஆகும், ஏ320, ஏ520, ஏ620 ஆகாது. இந்த ‘பி’ குழப்பத்தை வைத்தும் ஏமாற்றுவார்கள், கவனம். அப்புறம், ப்ராசஸர் சாக்கெட்டைச் சுற்றி மின்சாரம் கொடுக்கும் விஆர்எம் பகுதி இருக்கும். அதன் மேல் இரண்டு பக்கமும் நல்ல கனமான ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகக் கட்டை) இருக்கிறதா என்று பாருங்கள். நம்ம ஊர் வெயிலில் மொட்டையாக விட்ட விஆர்எம் சூடேறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுக்கும் முன்னால் போர்டு கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலைத் தேடி, ப்ராசஸர் ஓவர்க்ளாக் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று படியுங்கள். பில்லில் முழு மாடல் பெயரும் வேண்டும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளை பேசப் போகிறேன். அதற்கு முன்னால் கடைக்கு மறுபடி போய், மாடல் நம்பர் எழுதிய பில் கேட்கப் போகிறேன். தரும்வரை அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேதான் நிற்பேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.