அயர்லாந்து நூலகத்தின் பங்குப் பதிவேடுகள்: மயிலாப்பூரிலிருந்து ஒரு மதிப்புரை

சார்பதிவாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஒரு மனையின் வரலாற்றை அறிய வேண்டுமென்றால் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும், இடையில் ஒரு கண்ணி விடுபட்டாலும் மேலே போகக்கூடாது என்பது பணிக்காலம் முழுவதும் நான் கடைப்பிடித்த ஒழுங்கு. அதே ஒழுங்கோடு, பாஸ்டனில் வசிக்கும் என் மருமகளின் ஐரிஷ் முன்னோரை மயிலாப்பூரில் இருந்தபடியே ஓராண்டாகத் தேடினேன். அந்தத் தேடலில் எனக்கு மிகவும் கைகொடுத்தது அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்ட கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள். பங்கு என்றால் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி. அயர்லாந்து வழிவந்த குடும்பங்களில் பெண் கொடுத்தும் எடுத்தும் இருக்கும் சென்னைப் பெற்றோர் இன்று பலர் இருப்பதால், இந்தச் சேவையைப் பற்றி விரிவாக எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

தொடக்கத்தில் நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டணம் வாங்கும் ஒரு வம்சாவளித் தளத்தில் மூன்று மாதச் சந்தா கட்டினேன். மருமகளின் கொள்ளுத்தாத்தா பெயரை இட்ட சில நிமிடங்களிலேயே, யாரோ முன்பே வரைந்து வைத்திருந்த ஒரு குடும்ப மரத்தை அது எடுத்து நீட்டியது. அதில் இருந்தவர் கார்க் மாவட்டத்துக்காரர். பெயர் ஒன்றுதான், ஆள் வேறு. நான்கு தலைமுறை ஏறிய பிறகே மனைவியின் பெயர் ஒத்துவரவில்லை என்பது தெரிந்தது. சந்தா முடிந்ததும் என்னைக் கேட்காமலேயே அடுத்த தவணையையும் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதைத் திரும்பப் பெறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இத்தகைய ஆள்மாறாட்டம் புகழ்பெற்றவர்களுக்கே நேர்ந்திருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது முதலாவதாகப் பதியப்பட்டவர் கார்க்கைச் சேர்ந்த ஆன்னி மூர் என்ற பெண். டெக்சாஸுக்குப் போய் வாழ்ந்த வேறொரு ஆன்னி மூரையே அவர் என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த டெக்சாஸ் பெண்மணி பிறந்ததே இல்லினாய் மாநிலத்தில் என்பதும், உண்மையான ஆன்னி நியூயார்க்கிலேயே வாழ்ந்து 1924இல் இறந்தவர் என்பதும் 2006இல்தான் வெளிப்பட்டன.

ஐரிஷ் தேடலில் பத்தில் ஒன்பது பேர் முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் ஒன்றுதான்: அமெரிக்க ஆவணங்களில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘அயர்லாந்து’ என்று மட்டும் இருக்கும். நமக்குத் தேவைப்படுவதோ டவுன்லேண்ட் என்று அவர்கள் சொல்லும் சிற்றூர். நம் வருவாய்க் கிராமத்தைவிடச் சிறிய அந்த நிலப்பிரிவுகள் அந்தத் தீவில் அறுபதாயிரத்துக்கும் மேல் உள்ளன. அதற்கு மேல், 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளினின் பொது ஆவண அலுவலகம் வெடித்து எரிந்ததில் 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துபோயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசாங்கமே அதற்கு முன்னர் அழித்திருந்தது. ஆகவே முழுமையாக எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1901ஆம் ஆண்டினுடையதுதான். அதற்கு முன்பே கப்பலேறியவர்களுக்கு, குறிப்பாக 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போன பத்து லட்சம் பேருக்கு, கோயில் பதிவேட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

எங்கள் தேடலில் வழி திறந்தது கொள்ளுத்தாத்தாவின் கல்லறைக் கல்லால். சம்பந்தியம்மா பாஸ்டன் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் எடுத்தனுப்பிய படத்தில், பாசி படிந்த கடைசி வரியில், ‘மேயோ மாவட்டம்’ என்று அயர்லாந்து மாவட்டம் ஒன்றின் பெயர் வெட்டியிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் திருமணப் பதிவில் அவருடைய தாய் தந்தை பெயர்கள் கிடைத்தன. 1847 முதல் 1864 வரை நில வரிக்காக எடுக்கப்பட்ட கிரிஃபித் மதிப்பீடும் இலவசமாகவே இணையத்தில் இருக்கிறது. எங்கள் துறையினருக்கு அது, கிராமத்து நிலங்களின் விவரங்களைக் குறித்து வைக்கும் ‘அ’ பதிவேடு மாதிரி. தந்தையின் குடும்பப் பெயரும் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் அக்கம்பக்கமாக வரும் பங்குகளை அதிலிருந்து குறித்துக்கொண்டபோது மேயோவில் மூன்றே பங்குகள் தேறின.

அதன் பிறகுதான் நூலகத் தளத்துக்குள் நுழைந்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணப் பதிவேடுகள், பெரும்பாலும் 1880 வரையில், நுண்படச் சுருளிலிருந்து பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. வரைபடத்தில் மாவட்டத்தைத் தொட்டு, பங்கைத் தொட்டு, ஆண்டையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தால் அந்தப் பக்கம் வந்து நிற்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், காசும் வேண்டாம். ஆனால் இங்கே பெயரை இட்டுத் தேட முடியாது. ஒவ்வொரு வரியாகக் கண்ணால் படித்துத்தான் ஆக வேண்டும். இதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. வரிக்கு வரி படிக்கும்போதுதான் அந்த ஊரில் யார் யாருக்கு உறவு என்பது மனத்தில் பதிகிறது.

1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பு கொள்ளுத்தாத்தாவுக்கு வயது 35 என்கிறது. அதை நம்பி 1865ஐச் சுற்றியே துழாவிக்கொண்டிருந்தேன். அரசுப் பிறப்புப் பதிவு அயர்லாந்தில் 1864 ஜனவரியில்தான் தொடங்கியது. அதிலும் அவர் இல்லை. கடைசியில் இரண்டாவது பங்கின் 1862 மார்ச் பக்கத்தில் அகப்பட்டார். லத்தீனில் எழுதிய பக்கம் அது. ஜேம்ஸ் ‘ஜேக்கோபஸ்’ ஆகவும் வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆகவும் இருந்த அந்தக் கோணல்மாணலான கையெழுத்தில், பக்கத்தின் மூலையில் மை கொட்டிப் பாதி எழுத்துகள் மறைந்திருந்தன. ஞானத்தாயின், அதாவது திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நின்ற பெண்ணின், குடும்பப் பெயர் குழந்தையுடைய தாயின் பிறந்தவீட்டுப் பெயராகவே இருந்ததைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இன்னொரு சான்றும் இருந்தது. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரை வைப்பது ஐரிஷ் குடும்பங்களில் பரவலான வழக்கம். பாஸ்டனில் பிறந்த அவருடைய மூத்த மகனின் பெயரும், மேயோவில் இருந்த தந்தையின் பெயரும் ஒன்றே. பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று அறிந்த தமிழருக்கு இந்தச் சான்றின் எடையை விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் 1901, 1911 கணக்கெடுப்புப் படிவங்களைப் பார்த்தேன். இதுவும் இலவசம், இங்கே பெயரை இட்டே தேடலாம். அவருடைய தாயார் இரண்டு படிவங்களிலும் அதே சிற்றூரில் இருக்கிறார். 1901இல் வயது 56, 1911இல் 72. பத்து ஆண்டுகளில் பதினாறு வயது கூடியிருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். எழுபது வயதானவர்களுக்கு 1909இல் ஓய்வூதியம் வந்தபோது அயர்லாந்தில் பல முதியவர்களின் வயது இப்படித்தான் ஏறியது. 1862இல் குழந்தை பெற்றவர் என்பதால் இரண்டாவது வயதே உண்மைக்கு நெருக்கமானது.

1911 படிவத்தில், பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று மணமான பெண்களிடம் கேட்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. இந்த அம்மாள் கைம்பெண். அந்தக் கேள்வி அவருக்கு உரியதன்று. ஆனாலும் ஒன்பது, நான்கு என்று நிரப்பியிருக்கிறார்கள். கணக்கெடுப்பாளர் அதன்மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறார். கோட்டுக்கு அடியில் எண்கள் தெளிவாகத் தெரிகின்றன. உள்ளூர்ப் பதிவுகளில் நான் கண்டுபிடிக்க முடிந்த, அப்போது உயிரோடிருந்த பிள்ளைகள் மூவர். நான்காவதாக எண்ணப்பட்டவர் பாஸ்டனில் இருந்த மகன் என்றே நான் கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குவோர் சந்தா கட்டுவதற்கு முன், அமெரிக்கத் திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, கல்லறைக் கல் இம்மூன்றிலும் ஊர்ப் பெயர் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு நேராக இந்த நூலகத் தளத்துக்கு வரலாம். பெரிய திரை வேண்டும். கைப்பேசியில் அந்தக் கையெழுத்தைப் படித்தால் கண் கெட்டுவிடும். நான் ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன்.

திருமுழுக்குப் பக்கத்தை நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு, பாஸ்டனில் இரவாக இருக்கும்போது, காணொளி அழைப்பில் திறந்து காட்டினேன். சம்பந்தியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியைத் திரையில் விரலால் தடவியபடி, ஞானத்தாயின் பெயரை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.