என்விடிஏ திரைவாசிப்பான்: அலுவலக வேலைக்கு எந்த அளவுக்கு உதவுகிறது?

பார்வை மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுக்கும்படி கேட்டால், அதற்கான மென்பொருளுக்கே பெருந்தொகை செலவாகும் என்று தயங்கும் நிறுவனங்கள் முதலில், திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏவை (NVDA) நிறுவிப் பார்க்க வேண்டும். பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் உருவாக்கத் தொடங்கிய இந்தத் திரைவாசிப்பான், விண்டோஸ் கணினிகளில் இலவசமாக இயங்குகிறது. எத்தனை கணினிகளில் போட்டாலும் உரிமக் கட்டணம் கிடையாது.

அன்றாட வேலையில் இதை நான் முழுமையாக நம்புகிறேன். எக்செலில் அம்புக்குறி விசையை அழுத்த அழுத்த, கட்டத்தின் பெயரையும் அதிலுள்ள எண்ணையும் சொல்லிக்கொண்டே வரும். நீண்ட இணையப் பக்கத்தில் 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். தமிழ்க் கோப்புகளுக்கு இதனுடன் வரும் இஸ்பீக் குரல் சற்று இயந்திரத்தனமானது. விண்டோஸின் 'வள்ளுவர்' குரலைச் சேர்த்துக்கொண்டால் நெடுநேரம் கேட்கலாம்.

ஆனால் அலுவலகம் தரும் கோப்பு எப்படியோ அப்படித்தான் வாசிப்பும் அமையும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட சுற்றறிக்கையில் கண்ணுக்கு 'அரசு' என்று தெரிவது, கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், எழுத்தெழுத்தாகக் கேட்டால் 'எம், யூ, ஆர்' என்றுதான் காதில் விழும். அதையே யூனிகோடில் அனுப்பினால் எந்தச் சிக்கலும் இல்லை. கையொப்பமிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம் என்பதால், படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றும் எழுத்துணரியின் (OCR) துணையின்றி அதிலிருந்து ஒரு சொல்லும் கிடைக்காது. நான் பயன்படுத்த நேர்ந்த ஒரு வருகைப்பதிவு மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயரே இடப்படவில்லை. விடுப்புக்கு விண்ணப்பிக்க முயன்றபோது 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டுமே என்விடிஏ சொன்னது. அதன் நிரலில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு பெயர் சேர்த்திருந்தால் போதும், பக்கத்து இருக்கைக்காரரிடம் என் விடுப்புக் காரணத்தைச் சொல்லி நிரப்பித் தரக் கேட்க வேண்டியிருந்திருக்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காட்டையும், அதற்குள் பார்வையின்மை, குறைபார்வை உள்ளோருக்கு 1 விழுக்காட்டையும் ஒதுக்குகிறது; அப்படி வேலைக்கு வந்தவர் தன் விடுப்பைத் தானே பதிவு செய்ய முடியாத நிலை எனக்குப் பெரிய அநீதியாகவே படுகிறது.

கணினிப் பிரிவினருக்கு ஒரு வேண்டுகோள். பென்டிரைவிலிருந்தே இயங்கும் வடிவம் இருந்தாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். கணினியில் முறையாக நிறுவினால்தான் கடவுச்சொல் கேட்கும் திரையிலிருந்தே அது பேசத் தொடங்கும். புதிய மென்பொருளை வாங்குவதற்கு முன், மௌஸைத் தொடாமல் என்விடிஏ துணையோடு அதில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். வேகமான குரல் புரியாதவர்கள், சொல்லப்படுவதை எழுத்தாகக் காட்டும் 'ஸ்பீச் வியூவர்' சாளரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.