பின்பக்க பம்ப் ஸ்டியர் கிட் மாட்டப் போகிறவர்களுக்கு: கிராஃபைக் காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்

தாழ்வான ஸ்பிரிங் போட்ட ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு கராஜுக்குப் போங்கள். பம்ப் ஸ்டியர் என்றால், மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே அது தானாகத் திசை திரும்புவது. நான் வண்டியை விட்ட கராஜில் "பின்பக்க பம்ப் ஸ்டியரை ஜீரோ ஆக்கித் தருகிறோம்" என்று சொன்னார்கள். அளவெடுத்துச் சரிசெய்ததாக ரசீதில் தனி வரி போட்டுப் பணமும் வாங்கினார்கள். அளவே எடுக்கவில்லை. கிட்டையும் தப்பாக மாட்டியிருந்தார்கள்.

என் காரில் பின்பக்கம் மல்டிலிங்க், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகள் தாங்கும் அமைப்பு. அதில் சக்கரம் பார்க்கும் திசையைப் பிடித்து வைக்கும் தண்டான டோ லிங்க் ஆக்சிலுக்குப் பின்னால் இருக்கிறது. காரைத் தாழ்த்தியதும் லிங்கின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விட்டது. அதன்பிறகு சக்கரம் மேடேறும்போதெல்லாம் கீழ் ஆர்மைவிட அந்த லிங்க் அதிகமாக உள்ளே இழுக்கும். சக்கரத்தின் பின்விளிம்பு உள்ளே போக, முன்விளிம்பு வெளியே திறக்கும். டோ-அவுட். முன்சக்கரத்தில் இது நடந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கே தெரிந்துவிடும். பின்சக்கரத்தில் அப்படி இல்லை; வளைவின் நடுவே ஒரு மேடு வந்து, வண்டியின் பின்பாகம் தானாக வெளியே நகரும்போதுதான் தெரியும். அந்தப் பயத்தில்தான் அவர்களிடம் வண்டியை விட்டேன்.

கிட்டில் குறை சொல்ல மாட்டேன். நீளத்தை மாற்றக்கூடிய டோ லிங்க், வெளிமுனையில் ராட் எண்ட் (எல்லாப் பக்கமும் அசையும் உருண்டை மூட்டு), அதன் உயரத்தை மாற்றப் பல தடிமனில் ஸ்பேசர்கள் (இடையில் வைக்கும் வளையங்கள்). ஆனால் எத்தனை தடிமன் வேண்டும் என்பதை அந்த வண்டியில் அளந்துதான் முடிவு செய்ய முடியும். ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரின் லிங்கை விடுவிக்க வேண்டும். சக்கரம் மாட்டும் ஹப்பில் ஒரு தட்டைப் பொருத்தி, முன்னும் பின்னும் சிறு நகர்வையும் அளக்கும் டயல் கேஜ் வைத்து, வண்டி நிற்கும் உயரத்திலிருந்து 10 மி.மீ. படிகளாகச் சக்கரத்தை ஏற்றி இறக்கி டோ, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு, எப்படி மாறுகிறது என்று குறிக்க வேண்டும். கிராஃபில் கோடு நேராகச் சாய்ந்திருந்தால் லிங்க் முனையின் உயரம் தப்பு. ஏற்றினாலும் இறக்கினாலும் கோடு ஒரே பக்கமாக வளைந்தால் லிங்கின் நீளம் தப்பு. இதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும். அதற்குத்தான் தனியாகப் பணம் கேட்கிறார்கள் என்று நம்பினேன்.

என் கையில் கொடுத்தது சாதாரண வீல் அலைன்மென்ட் ஷீட். எல்லாமே பச்சை. வண்டி அசையாமல் ஒரே உயரத்தில் நிற்கும்போது டோ எவ்வளவு என்பதை மட்டும்தான் அது சொல்லும். பம்ப் ஸ்டியர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அந்த ஷீட் பச்சையாகவே வரும்.

வண்டி முன்பைவிட மோசமாகிவிட்டது. வலது வளைவில் ஒழுங்காகப் போகும், இடது வளைவில் மேடு வந்தால் பின்பக்கம் பிய்த்துக்கொள்ளும். நேர்ச்சாலையிலும் மேட்டில் ஏறினால் மூக்கு இடப்பக்கம் இழுக்கும். போன் செய்தேன். "ரேஸ் பார்ட்ஸ் சார், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார்கள்.

வேறொரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றினோம். இடப்பக்கம் ஸ்பேசர் நக்கிளுக்கும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) ராட் எண்டுக்கும் நடுவே இருந்தது. அங்கேதான் இருக்க வேண்டும், அப்போதுதான் லிங்கின் முனை கீழே இறங்கும். வலப்பக்கம் அதே ஸ்பேசரை ராட் எண்டுக்கு அடியில், நட்டுப் பக்கம் போட்டிருந்தார்கள். அங்கே அது வெறும் வாஷர். லிங்கின் உயரம் இம்மியும் மாறவில்லை. வலது சக்கரம் மட்டும் பழையபடி டோ-அவுட் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பழைய போல்ட்டையே போட்டிருந்ததால் நட்டின் கடைசி இழைகளில் போல்ட்டே இல்லை. ராட் எண்ட் ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்டு நிற்கும் இடம் அது. ஸ்பேசர் போட்டால் போல்ட்டை வளைக்கும் விசையும் கூடும். எனக்கு அதிகக் கோபம் வந்தது இதைப் பார்த்தபோதுதான். அந்த நட்டு கழன்றிருந்தால் சக்கரம் எந்தத் திசைக்கும் திரும்பியிருக்கும்.

அளவெடுக்கவில்லை என்பதற்கும் சாட்சி கிடைத்தது. ஸ்பிரிங் மாட்டியபோது ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டிலும் ஆன்டி ரோல் பார் லிங்கிலும் பெயிண்ட் கோடு போட்டிருந்தேன். ஒரு கோடுகூட நகரவில்லை.

இந்த மெக்கானிக் நீளமான போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் அளந்து, கிராஃபைக் கையில் கொடுத்தார். ஜீரோ ஆக்கவில்லை, சக்கரம் ஏறும்போது லேசாக டோ-இன் (முன்விளிம்பு உள்ளே) போகும்படி வைத்தார். சாலையில் ஓடும் காருக்கு அதுவே நிதானம் தரும். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்சக்கரம் டோ-அவுட் போகக் கூடாது என்பதற்காகவே 1977-ல் வந்த போர்ஷே 928-க்கு வைசாக் ஆக்சில் என்று தனி அமைப்பையே உருவாக்கினார்கள். ஆகவே வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே "ஜீரோ" என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த கிராஃப், இடம் வலம் தனித்தனியாக வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பக்கம் எத்தனை மி.மீ. ஸ்பேசர் என்பது ரசீதில் வர வேண்டும். கழற்றிய பழைய லிங்க்குகளையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு அவை திரும்பி வரவே இல்லை. முடிந்தால் போல்ட்டுகளில் பெயிண்ட் கோடு போட்டுவிட்டு வண்டியை விடுங்கள்.

அளவெடுப்புக் கட்டணத்தையாவது திருப்பித் தரச் சொல்லி, படங்களோடு எழுத்தில் கேட்டேன். பதிலுக்கு அதே பச்சை ஷீட்டை மறுபடி அனுப்பியிருக்கிறார்கள்.