புரிட்டோவுக்கு ஏற்ற டார்ட்டியா உறையா இது?

பாளையங்கோட்டையின் பெரிய மளிகை அங்காடிகளில் இப்போது கிடைக்கும் ஆயத்த டார்ட்டியா உறைகளை (சப்பாத்தி போன்ற மெல்லிய மெக்சிகோ ரொட்டி), உள்ளே கறி வைத்துச் சுருட்டும் மாட்டிறைச்சி புரிட்டோ செய்வதற்கென்றே வாங்கிப் பார்த்தேன். கோதுமை விளையும் வடமெக்சிகோவில் உருவான இந்த உணவுக்கு, மக்காச்சோள மாவு டார்ட்டியாவைவிட வளைந்து கொடுக்கும் கோதுமை மாவு டார்ட்டியாவே பொருந்தும் என்பதால், உறையின் தரமே இங்கு முதன்மையானது.

மென்மையில் குறையில்லை. தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் இருபுறமும் சில நொடிகள் வாட்டி, உடனே துணியில் மூடி வைத்தால் மடிக்கும்போது கிழிவதில்லை. ஆனால் அகலம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மட்டுமே. இறைச்சி, சோறு, ராஜ்மா மூன்றையும் உள்ளடக்கி இரு முனைகளையும் மடித்துச் சுருட்ட 25 முதல் 30 சென்டிமீட்டராவது வேண்டும். நம் ஊர்ப் புரோட்டா இதற்கு மாற்றாகாது. அடுக்குகள் பிரிந்து சாறு ஒழுகிவிடும்.

மேலப்பாளையத்தில் வாங்கிய தொடைக்கறியைச் சீரகம், பூண்டு, வற்றல் மிளகாய், தக்காளியுடன் குக்கரில் நார் நாராகப் பிரியும்வரை வேகவைத்து, நீர் முழுவதும் வற்றும்படி சுண்டவைத்தேன். ஈரம் மிஞ்சினால் எந்த உறையும் தாங்காது. இரவு முழுவதும் ஊறிய ராஜ்மாவை, ஊறிய நீரை வடித்துவிட்டு, குறைந்தது 10 நிமிடமாவது நன்கு கொதிக்கவிட வேண்டும். அரைவேக்காட்டில் அதன் நச்சுப்பொருள் வயிற்றைக் கெடுக்கும்.

சிறுவர்களுக்கான சிறிய சுருள்களுக்கு இந்த உறையைத் தயங்காமல் வாங்கலாம். முழு புரிட்டோ விரும்புவோர் மைதாவை வெந்நீரில் பிசைந்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, தாங்களே மெல்லியதாகத் தேய்த்துக்கொள்வதே நல்லது.