கனமான கிரில் தவாவும் ஞாயிற்றுக்கிழமை பர்கரும்

மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் இந்த வார்ப்பிரும்பு கிரில் தவாவில்தான் பர்கர் போடுகிறேன். சதுரம், பத்தரை அங்குலம், அடியில் மேடு மேடாக வரிகள். ஒரு கையால் தூக்க முடியாத கனம். ஆனால் அந்தக் கனம்தான் இதன் பலம். மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் காயவிட்டால், நான்கு கறி வட்டுகளை ஒன்றாக வைத்தாலும் சூடு இறங்குவதில்லை. வைத்ததும் ‘சுர்’ரென்று சத்தம் வர வேண்டும்.

கொத்துக்கறிக்குக் கோழித் தொடைக்கறியே வாங்குங்கள், நெஞ்சுக்கறி வறண்டுவிடும். அரை கிலோவுக்கு நான்கு வட்டு. நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தினால் வேகும்போது உப்பாது. பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம். உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தே ஆக வேண்டும்; கோழியில் அரைவேக்காடு கூடவே கூடாது. அப்புறம் அதே கொழுப்பில் பன்னை வாட்டினால் வரும் வாசனைக்கே பிள்ளைகள் தட்டோடு வந்துவிடுகிறார்கள். மாமியார் சாஸ் தொடமாட்டார், அவருக்குப் புதினாச் சட்னி.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். ‘பழக்கியது, உடனே சமைக்கலாம்’ என்று பெட்டியில் போட்டிருந்ததை நம்பி முதல் நாளே வைத்தேன். பாதிக் கறி வரிகளில் ஒட்டிக்கொண்டது. நல்லெண்ணெயை மெல்லிசாகத் தடவி மூன்று முறை புகையவிட்ட பிறகே சரியானது. வரிகளுக்கு இடையே தேய்க்கத் தேங்காய் நார்தான் வசதி. கழுவியதும் ஈரம் போக அடுப்பில் காட்டிவிடுங்கள்.