முதலில் பேனாவா, வாட்டர்கலரா?

திருவையாறு பக்கம் நாற்று நடும் அக்காக்களை இரண்டு விதமாகவும் வரைந்து பார்த்தேன்.

பேனாவில் முதலில் கோடு போட்டால் முகம் பிசகாது, சேலை மடிப்பும் இடத்தில் நிற்கும். மை மட்டும் தண்ணீர் தாங்குவதாக இருக்க வேண்டும். சாதாரண ஜெல் பேனா என்றால் தூரிகை பட்டதுமே கன்னம் கறுத்துவிடும்.

வண்ணம் முதலில் என்றால் கதையே வேறு. ஈரத்தில் சேற்றுப் பழுப்பும் நாற்றுப் பச்சையும் தாமாகவே ஒன்றுக்குள் ஒன்று இறங்கும். அப்புறம் நாலே கோடு போதும், குனிந்த முதுகின் அசைவு அப்படியே வந்துவிடுகிறது. எவ்வளவு அழகு அது! 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த தாள் நல்லது, மெல்லிய தாள் நெளியும். ஐப்பசி அடைமழையில் காய நேரமாகும். பொறுக்காமல் பேனா வைத்தால் மை பரவும்.

ஒரே ஆளைப் பல பக்கங்களில் வரைய வேண்டிய கதைக்குப் பேனா முதலில். வரப்பில் உட்கார்ந்து வரைய, எனக்கு வண்ணம்தான்.